அம்புலிப் பருவமும் ஓட்டிசத்தின் முதற் குறிகளும்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை எம் கல்லூரியின் உயர்தர வகுப்பிலே கற்ற பழைய மாணவர்களுக்கு அதன் பருவங்களின் பெயர்கள் இன்றும் நாவில் நிற்கும் என நம்புகிறேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆண்பாற்கு உரியன. கழங்கு, அம்மானை, ஊசல் பெண்பாற்கு உரியன. பரீட்சைக்காக இவற்றை நிரல்பட மனனஞ் செய்தோம். பரீட்சை முடிந்ததும் மறந்தோம். இவை ஒரு குழந்தை எந்தத் திங்களில் எதனைச் செய்யும் என்று நம் முன்னோர் உற்று நோக்கி அமைத்த ஓர் அட்டவணை என்பதை அந்நாளில் எமக்கு எவரும் சொல்லவில்லை. யானும் பல ஆண்டுகள் என் மாணவருக்குச் சொன்னதில்லை.

பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கிற் சிறிது சிறிது வேறுபடும். பெருவழக்கான ஒரு கணக்கின்படி ஒன்பதாந் திங்களிற் குழந்தை கைகொட்டும். பதினோராந் திங்களில் முத்தந் தரும். பதின்மூன்றாந் திங்களில் 'வருக' என அழைக்க, அழைத்தவரை நோக்கித் தளர்நடையிட்டு வரும். பதினைந்தாந் திங்களில் அம்புலியை விளையாட அழைக்கும். இந்நான்கையும் கூர்ந்து நோக்குக. கைகொட்டல் பிறர் செய்வதைப் பார்த்துத் தான் செய்தல். முத்தம் அன்பைப் பெற்று அன்பை மீளக் கொடுத்தல். வருகை தன் பெயர் கேட்டுத் திரும்புதல். அம்புலியோ இவை எல்லாவற்றினும் நுட்பமானது. தாய் விரல் நீட்டிய திசையிலே குழந்தை பார்க்கிறது. பார்த்துவிட்டுத் தாயின் முகத்தைத் திரும்ப நோக்குகிறது. பின்னர்த் தானே விரல் நீட்டித் தாய்க்குக் காட்டுகிறது. நிலவை எவரும் எடுத்துத் தரப்போவதில்லை என்பது குழந்தைக்குந் தெரியும். நீ காண்பதை யானுங் காண்கிறேன் என்னும் மகிழ்ச்சி ஒன்றே அவ்விரலின் பயன்.

இன்றைய குழந்தை மருத்துவர் ஓட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாட்டின் முதற் குறிகளைத் தேடுகையில் இந்நான்கையுமே வினாவுகின்றனர். பன்னிரண்டாம் மாதமளவிற் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? பிறர் செய்வதைப் பார்த்துச் செய்கிறதா? முகத்தை நோக்கிச் சிரித்தால் சிரிக்கிறதா? பதினெட்டாம் மாதமளவில் தான் கண்ட புதுமையை விரலாற் சுட்டிப் பிறருக்குக் காட்டுகிறதா? இவ்வொப்புமையைக் கண்ட நாளில் யான் அடைந்த வியப்புக்கும், அதனோடு கூடி எழுந்த வருத்தத்துக்கும் காரணம் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

யான் ஆசிரியப் பணியேற்ற முதலாண்டில் ஒரு தோட்டப் பாடசாலையில் முதலாந் தரத்தைப் பொறுப்பேற்றேன். அவ்வகுப்பில் ஒரு சிறுவன். இடாப்புக் கூப்பிடும்போது தன் பெயருக்கு விடை சொல்லான், தலையைக்கூட உயர்த்தான். மணி அடித்தால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசையின் கீழே புகுவான். பிள்ளைகள் விளையாடுகையில் ஒதுங்கி நின்று ஒரு போத்தல் மூடியைச் சுழற்றிக்கொண்டிருப்பான். ஆயின், நாவலப்பிட்டி, இங்குருஓயா, கலபொட, வட்டவளை, ரொசல்ல, ஹற்றன் எனப் புகையிரத நிலையங்களின் பெயர்களை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் ஓர் எழுத்துத் தவறாமற் சொல்வான். இத்துணை நினைவாற்றல் உள்ளவன் 'அ' என்று எழுதச் சொன்னால் எழுதாதிருப்பது பிடிவாதமே என்று யான் முடிவு செய்தேன். காதைத் திருகினேன், கடைசி வாங்கில் இருத்தினேன். அவனுடைய தாயை அழைத்துக் கண்டித்தேன். கொழுந்துக் கூடையை வாயிற்புறத்தே இறக்கிவைத்துவிட்டு வந்த அவ்வம்மையார் சொன்ன சொற்கள் இன்னும் என் செவியில் உள்ளன: "வீட்டுலயும் இப்புடித்தாங்க சேர். பேரு சொல்லிக் கூப்புட்டா திரும்ப மாட்டான். ஆனா பிஸ்கட்டு பக்கெட்டு சத்தம் கேட்டா எங்க இருந்தாலும் ஓடியாந்துருவான்."

ஒரு வைத்தியர் அச்சொற்களைக் கேட்டிருப்பின் அக்கணமே எழுந்து நின்றிருப்பார். செவி கேட்கிறது, பெயர் மட்டும் எட்டவில்லை. யானோ, "பார்த்தீர்களா, எல்லாம் கள்ளம்" என்றேன். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. ஆசிரிய கலாசாலையிற் குழந்தை உளவியல் படித்துச் சான்றிதழும் பெற்றவன் யான். அப்பாடத்தில் ஓட்டிசம் ஒரு பந்தியளவில் வந்ததாக நினைவு. பந்தியைப் படித்தேன், பிள்ளையைப் படிக்கவில்லை.

இனிச் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுவேன். 'தான்' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது. தமிழ்நாட்டார் ஆட்டிசம் என்பர். யாம் ஓட்டிசம் என்போம். மதியிறுக்கம் எனத் தமிழாக்கஞ் செய்தாரும் உளர். அத்தமிழாக்கம் எனக்கு உடன்பாடன்று. இறுகியிருப்பது மதி என்று கேட்பவர் கொள்வர். நிலையப் பெயர்களை இருவழியும் சொன்ன அச்சிறுவனின் மதிக்கு என்ன இறுக்கம்? நல்ல சொல் ஒன்று வழக்கில் நிலைக்குமட்டும் ஓட்டிசம் என்றே எழுதுதல் நன்று.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே லியோ கனர் என்னும் சிறுவர் உளமருத்துவர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையின் தொடக்கம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் இதனையொத்த பிள்ளைகளைப் பற்றி எழுதினார். நெடுங்காலம் வெவ்வேறு பெயர்களால் வழங்கிய இந்நிலைகளை அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கைநூல் 2013இல் ஒரே நிறமாலையாகத் தொகுத்தது. நிறமாலை என்றது, ஒரு முனையில் வாழ்நாள் முழுதும் துணை வேண்டுவோரும், மறுமுனையிற் பல்கலைக்கழகஞ் சென்று பட்டம் பெறுவோரும் ஒரே பெயரின்கீழ் அமைதலால். பிறரோடு உறவாடுதலிலும் கருத்துப் பரிமாறுதலிலும் வேறுபாடு, ஒன்றையே மீண்டும் மீண்டும் செய்தலும் மாற்றத்தைப் பொறாமையும் என்னும் இரண்டும் இதன் இலக்கணம். ஒளி, ஒலி, தொடுகை, சுவை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் இவ்விரண்டாவதனுள் அடங்கும். மணியோசைக்கு மேசையின் கீழே புகுந்தது குறும்பன்று என்பதை இப்போது உணர்கிறேன்.

கனர் கண்ட குறிகளுள் தமிழாசிரியர் ஆகிய எமக்கு மிக்க சுவையுடையது ஒன்று உண்டு. இப்பிள்ளைகளுட் சிலர் தன்மையையும் முன்னிலையையும் மாற்றி வழங்குவர். பிள்ளைக்குத் தாகம் எடுக்கிறது, "தண்ணி வேணும்" என்று சொல்லாது "தண்ணி வேணுமா?" என்று கேட்கும். தாய் கேட்ட வினாவை, அவள் கேட்ட அதே ஓசையில், தன் வேண்டுகோளாகத் திருப்பிச் சொல்கிறது. வீட்டார் இதனைக் கிளிப்பேச்சு எனச் சிரித்துவிடுவர். அஃது இரண்டரை, மூன்று வயதின் பின்னும் மாறாது நின்றால் குறித்துவைக்க வேண்டிய குறி.

மொழிக்கு முன்னே வருவது சுட்டு. அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டெழுத்து என்று வகுப்பிற் கற்பிக்கிறோம். குழந்தை அவற்றை வாயாற் சொல்லுமுன் விரலாற் சொல்கிறது. அவ்விரற்சுட்டு இருவகைப்படும் என்பதைப் பெற்றோர் அறிதல் வேண்டும். தட்டில் உள்ள வாழைப்பழத்தைக் காட்டி 'அது வேண்டும்' என்பது கேட்டற் சுட்டு. வானிற் செல்லும் உலங்குவானூர்தியையோ வாயிலில் வந்த பூனையையோ காட்டி 'பார்' என்பது காட்டற் சுட்டு. ஓட்டிசம் உள்ள குழந்தைகளுட் சிலர் முதலாவதைச் செய்வர்; இன்னுஞ் சிலர் தாயின் கையைப் பிடித்து ஒரு கருவிபோல அப்பொருள்மேல் வைப்பர். இரண்டாவது சுட்டே அவர்களிடம் அரிதாகவும் தாமதித்தும் வருவது. ஆகவே, "பிள்ளை விரலால் காட்டுகிறதா?" என்று வாளா கேட்டால் தாய் "ஆம்" என்பார். "எதனைக் காட்டுகிறது, காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறதா?" என்று கேட்டாலன்றி உண்மை வெளிவராது.

இவ்வுண்மையை நம் நாட்டு ஆய்வொன்றே நன்கு காட்டியது. ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளுக்கென அமெரிக்காவில் 2001இல் ஒரு வினாக்கொத்து வெளியிடப்பட்டது. பெற்றோர் ஆம், இல்லை என விடையளிப்பர். கொழும்புப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் உடனாய்வாளரும் 18 முதல் 24 மாதம் வரையான 374 குழந்தைகளை அவ்வினாக்கொத்தாலும் வேறு அபாயக் குறிகளாலும் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் நால்வருக்கு ஓட்டிசம் உறுதியாயிற்று. அதாவது 93 பேருக்கு ஒருவர். அந்நால்வருள் ஒருவரையே அவ்வினாக்கொத்து பிடித்துத் தந்தது! மேனாட்டிற் பயன்பட்ட ஒரு வலை இங்கு நான்கு மீனில் மூன்றைத் தவறவிட்டது. வினாக்கள் பிழையென்று யான் கருதவில்லை. தன் பிள்ளையைப் பற்றி எழுத்திற் கேட்டால் 'இல்லை' என்று குறியிட எந்தத் தாய்க்கும் கை கூசும். அன்றியும், வினாவின் உட்பொருள் மொழிபெயர்ப்பில் நழுவிவிடும். பின்னர் அப்பேராசிரியர் குழுவினர் குழந்தையின் செயல்களைப் படங்களாக வரைந்து, தாய் படத்தைப் பார்த்து விடைகூறும் ஒரு முறையை அமைத்து 2017இல் வெளியிட்டனர். படத்தைக் காட்டிக் கேட்பது எழுத்தைக் காட்டிக் கேட்பதினும் மலைநாட்டுக்குப் பொருத்தமானது என்பதை ஆசிரியர் எவரும் ஒப்புவர்.

மேற்சொன்ன அமெரிக்க வினாக்கொத்தும் திருத்தம் பெற்றுள்ளது. 2014இல் வெளிவந்த திருத்திய வடிவில் இருபது வினாக்கள்; 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு உரியது. பிழைப்புள்ளி எட்டும் அதற்கு மேலும் ஆயின் உடனே வைத்தியரிடம் அனுப்புவர். மூன்று முதல் ஏழாயின் தாயோடு இரண்டாம் முறை விரிவாக உரையாடுவர். அதற்குக் குறைந்தால், குழந்தை இரண்டு வயதை எட்டாததாயின், இரண்டாம் பிறந்தநாளின் பின் மீண்டும் கேட்பர். இது சல்லடை மாத்திரமே என்பதை மறத்தலாகாது. சல்லடையில் தங்கிய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓட்டிசம் உண்டு என்பதில்லை. செவிக்குறையோ, மொழித் தாமதமோ, வேறு வளர்ச்சித் தடையோ இருக்கலாம். ஆதலின் முதலிற் செவிப்புலச் சோதனை செய்விப்பர்.

இக்குறிகள் புலப்பட்ட பின்னும் பெற்றோர் ஏன் காலந் தாழ்த்துகின்றனர்? அறியாமை என்று கூறிக் கடந்துவிடல் எளிது. எம்மூர்களில் யான் கேட்ட மறுமொழிகள் பல. ஆண்பிள்ளை பேசச் சுணங்கும் என்பர். ஓட்டிசம் ஆண்பிள்ளைகளிலேயே பெண்பிள்ளைகளினும் ஏறத்தாழ மூன்று நான்கு மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுகிறது என்பதால் இம்மறுமொழி மிகக் கேடு விளைப்பது. பெண்பிள்ளைகளோ அமைதியானவர், கூச்சமுடையவர் என்று புகழப்பட்டு முற்றாகத் தப்பிவிடுகின்றனர். வீட்டில் தமிழும் அயலிற் சிங்களமும் பேசப்படுதலால் பிள்ளை குழம்பிற்று என்பர் வேறு சிலர். இருமொழி கேட்டலால் ஓட்டிசம் வருவதில்லை. தாய்மொழியை விட்டுவிடுமாறு சொல்லும் அறிவுரை, தாயும் பிள்ளையும் பேசும் சொற்பத்தையும் அறுத்துவிடும்.

இன்னுமொரு மறுமொழி சமயப் பற்றுள்ள நம்மவரிடம் அடிக்கடி வருவது: "குமரகுருபரரும் ஐந்து வயதுவரை பேசவில்லை; செந்தூர் முருகன் பேசவைத்தான்." மரபு அவ்வாறே கூறுகிறது. திருச்செந்தூரிற் பேச்சுப் பெற்றுக் கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்பர்; அவரே பின்னாளில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழையும் பாடினார். அம்புலிப் பருவம் பாடுவது புலவருக்குப் புலி என்பது வழக்கு. அதனை இனிது பாடிய ஒருவர் பேசாக் குழந்தையாய் இருந்தார் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு நெகிழும். ஆயின் அவ்வரலாற்றில் ஒன்றை நம்மவர் கவனிப்பதில்லை. அவருடைய பெற்றோர் சும்மா இருக்கவில்லை. தமக்குத் தெரிந்த துணையை நாடிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்றனர். நேர்த்தி வைப்பதை யான் தடுப்பவனல்லன். கோவிலுக்குப் போகும் அதே கிழமையில் கிளினிக்குக்கும் போகலாம்.

தாயின்மேற் பழி சுமத்துதல் வேறொரு தடை. வேலைக்குப் போகிறாள், பிள்ளைக்காம்பராவில் விட்டுவிடுகிறாள், அதனால் பிள்ளை இப்படியாயிற்று என்று மாமியாரும் அயலாரும் சொல்லும்போது அத்தாய் குறியை மறைக்கவே முயல்வாள். இப்பழி மலைநாட்டிற் பிறந்ததன்று. பெற்றோரின் அன்பின்மையே காரணம் என்று மேனாட்டு அறிஞரே ஒரு காலத்தில் எழுதினர். புரூனோ பெற்றல்ஹைம் 1967இல் ஒரு பெரிய நூலே செய்தார். அதற்கு மூன்றாண்டு முன்னமே, ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையாகிய பேர்னாட் றிம்லண்ட் அக்கொள்கையை மறுத்து நூல் வெளியிட்டிருந்தார். 1977இல் சூசன் போல்ஸ்ரைன், மைக்கல் றற்றர் என்போர் இரட்டையரை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளுள் 4இல் இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. ஒரே தாய், ஒரே வீடு. வேறுபாடு பிறப்புக் கூற்றில். பின் வந்த ஆய்வுகள் யாவும் இதனை வலியுறுத்தியே வந்துள்ளன. கொழுந்து பறிக்கப் போனதால் ஒரு பிள்ளைக்கும் ஓட்டிசம் வந்ததில்லை.

தடுப்பூசிப் பேச்சையும் விட்டுவிட இயலாது. சில குழந்தைகள் கற்ற சொற்களை ஒன்றரை வயதளவிலே இழந்துவிடுகின்றன. அவ்வேளை ஊசி போட்ட நினைவு தாய்க்கு இருக்கும். சின்னமுத்து முதலிய மூன்றுக்குமான ஊசியே காரணம் என 1998இல் இங்கிலாந்தில் வெளிவந்த கட்டுரையை, அதனை வெளியிட்ட 'லான்செற்' இதழே 2010இல் மீளப்பெற்றது. 2019இல் டென்மார்க்கில் 650,000க்கு மேற்பட்ட பிள்ளைகளை நோக்கிய ஆய்வும் தொடர்பு இல்லை என்றே கண்டது. நம் நாட்டில் அவ்வூசி போடப்படுவது ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும்; சொல் இழப்பு நேர்வதோ பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில். காலமே பொருந்தவில்லை.

ஒன்றரை வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஊசிக்காகக் கிளினிக்குக்கு வருதல் பெருவாய்ப்பு. நிறையை நிறுக்கும்போது, கிளினிக் கொப்பியின் வளர்ச்சிப் பக்கத்தைத் தாயே திறந்து காட்டி வினவலாம். மருத்துவமாது தமிழ் அறியாதவராயின், முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது நன்று: முதற் சொல் எப்போது வந்தது, எந்தச் சொல் இப்போது இல்லை, பெயருக்குத் திரும்புகிறதா, காட்டற் சுட்டு உண்டா, எந்த ஓசைக்கு அஞ்சுகிறது. கைத்தொலைபேசியில் எடுத்த இரண்டு நிமிட நிழற்படம் பத்து நிமிட விளக்கத்தினும் வைத்தியருக்கு உதவும். நாவலப்பிட்டி வைத்தியசாலையிற் குழந்தை வைத்தியரைக் காணலாம்; அவர் வேண்டுமெனக் கருதின் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார். றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சார்ந்து 2020இல் திறக்கப்பட்ட 'அயதி' நிலையமும் இத்தகைய பிள்ளைகளுக்காகவே அமைந்தது. தூரமும் ஒருநாட் சம்பள இழப்பும் தோட்டத்துப் பெற்றோருக்குச் சிறியன அல்ல என்பதை யான் அறிவேன்.

அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்வது வீட்டுப் பயிற்சி. ஓட்டிசத்தை மாற்றும் மருந்து இல்லை. மாற்றித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்பவேண்டாம். ஆயின் தாய்க்குக் கற்பித்து, அவளைக் கொண்டே நாள்தோறும் வீட்டில் செய்விக்கும் பயிற்சியாற் குழந்தைகள் முன்னேறியதைப் பேராசிரியர் பெரேராவின் குழுவினர் 2016இல் எழுதியுள்ளனர். அப்பயிற்சிகள் பெரும் பொருள் வேண்டுவன அல்ல. குழந்தையின் கண்மட்டத்திற்குக் குனிந்து அமர்தல். அது விளையாடும் பொருளிலேயே தானுஞ் சேர்ந்து விளையாடுதல். கேட்குமுன் எடுத்துக் கொடாது, ஒரு பார்வைக்கோ ஓர் ஒலிக்கோ ஒரு கணம் காத்திருத்தல். ஒரே சொல்லைச் செயலோடு சேர்த்துப் பலமுறை சொல்லுதல். சாய்ந்தாடம்மா, கைவீசம்மா போன்ற கையசைவுப் பாட்டுகளை முகம் பார்த்துப் பாடுதல். செங்கீரையும் சப்பாணியும் இவையேயன்றி வேறு யாவை? பிள்ளைக்காம்பராவில் ஆயாமார் இவற்றை ஏற்கெனவே செய்பவர். எந்தப் பிள்ளை அதிற் சேரவில்லை என்பதை முதலிற் காண்பவரும் அவரே. அவரைக் கேட்காமல் எந்தக் கணக்கெடுப்பும் நிறைவுறாது என்பது என் கருத்து.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாந் தரத்துக்கு வரும் பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறு வயது. அம்புலிப் பருவம் கழிந்து நான்காண்டு ஆயிற்று. ஆயினும் காலம் முற்றும் கடந்துவிடவில்லை. அத்தகைய பிள்ளையை மணிக்கு அண்மையில் இருத்தாதீர்கள். அன்றைய பாடவேளைகளைப் படமாக வரைந்து அவன் மேசையில் ஒட்டுங்கள். மாற்றம் ஏதும் இருப்பின் முதலிலேயே சொல்லுங்கள். அவன் விரும்பும் ஒன்றிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.

அந்த நிலையப் பெயர்களை யான் இப்போது முதலாந் தர எழுத்துப் பாடத்துக்குப் பயன்படுத்துகிறேன். வட்டவளையில் ட்ட உண்டு, ரொசல்லவில் ல்ல உண்டு, ஹற்றனில் ற்ற உண்டு. சென்ற ஆண்டு என் வகுப்பில் இருந்த, எவர் முகத்தையும் பாராத ஒரு சிறுமி, மூன்றாந் தவணையில் ஒரு நாள் யன்னலருகே நின்று என் சட்டையை இழுத்தாள். கீழே புகையிரதம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் விரல் அதன்மேல் நின்றது. கண் என் முகத்தில் நின்றது.